‘தொட்டது யார்?’ – நற்செய்திப் பகுதியை ஊன்றிப் படிப்போர் கேள்விகள்

மாற்கு 5:21-43 பகுதியைப் படித்துத் தங்கள் சிந்தனைகளை நோட்டில் எழுதிவரும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். பகுதியின் சுருக்கம் இது: ஜெப ஆலயத் தலைவரான யவீருவின் 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள். அவர் வேண்டிக்கொள்ள, இயேசு புறப்படுகிறார். வழியில், 12 ஆண்டுகளாக இரத்தப்போக்கால் அவதிப்பட்ட ஒரு பெண் கூட்டத்துக்குள் பின்னாக வந்து அவருடைய ஆடையைத் தொட்டுக் குணமாகிறாள். அந்தத் தாமதத்துக்குள் சிறுமி இறந்துவிட்டாள் என்று செய்தி வருகிறது. இயேசு வீட்டுக்குப் போய், அவள் கையைப் பிடித்து எழுப்புகிறார். மேற்கோள்கள் பழைய திருப்புதலிலிருந்து. வேறு மொழிபெயர்ப்பு என்றால் அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: சிறுவயதிலிருந்து கேட்ட கதை இது. எழுத உட்கார்ந்தால் “விசுவாசம் வேண்டும்” என்பதற்கு மேல் ஒரு வரியும் வரமாட்டேன் என்கிறது. எங்கே தொடங்குவது?

நன்றாகத் தெரிந்த கதையைக் கண் படிப்பதில்லை. நினைவுதான் படிக்கிறது. அதனால் முதல் வேலை, கண்ணின் வேகத்தைக் குறைப்பது. 23 வசனங்களையும் கையால் எழுதுங்கள். நோட்டின் வலப் பக்கத்தை மட்டும் பயன்படுத்துங்கள், இடப் பக்கம் குறிப்புகளுக்கு. ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதினால் பிறகு அடிக்கோடிட இடம் இருக்கும். முக்கால் மணி நேரம் ஆகலாம். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் நாளே ‘கருத்து’ எழுத முனைந்தால், ஏற்கெனவே தெரிந்த கருத்துதான் வந்து உட்காரும்.

மறுநாள் வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிடுங்கள். யார் செய்தது என்பதற்கேற்ப நிறத்தை மாற்றுங்கள்: இயேசுவுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, யவீருவுக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று. பெரும்பாலான கண்டுபிடிப்புகள் இந்த இடத்தில்தான் நடக்கும். 24ஆம், 31ஆம் வசனங்களில் கூட்டம் செய்வது ‘நெருக்குவது’. பெண் செய்வது ‘தொடுவது’. ‘தொடு’ என்ற வினை 27 முதல் 31 வரை நான்கு முறை வருகிறது. அவ்வளவு உடல்கள் அவர்மேல் உரசிக்கொண்டிருக்க, ஒரே ஒருத்தியின் செயலுக்கு மட்டும் அந்த வினை கிடைக்கிறது.

தமிழில் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு நல்வாய்ப்பும் உண்டு. கிரேக்க மூலத்தில் 25 முதல் 27 வரை ஒரே நீண்ட வாக்கியம். ஏழு எச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வந்து, கடைசியில் ‘தொட்டாள்’ என்ற ஒரு முற்றுவினையில் போய் நிற்கிறது. பல மொழிகளில் இதை உடைத்துத்தான் சொல்ல முடியும். தமிழுக்கு இது இயல்பான நடை: “வருத்தப்பட்டு… செலவழித்தும்… குணமடையாமல்… கேள்விப்பட்டு… வந்து… தொட்டாள்.” உரக்கப் படித்துப் பாருங்கள். மூச்சு வாங்கும். 12 ஆண்டு அலைச்சல் முழுவதும் அந்த எச்சங்களில் இருக்கிறது, அது முடிகிற இடம் ஒரு சொல்.

32ஆம் வசனத்தையும் கவனியுங்கள். “இதைச் செய்தவளைக் காணும்படிக்கு” அவர் சுற்றிலும் பார்க்கிறார். கிரேக்கத்திலும் இது பெண்பால்தான். இரண்டு வசனங்களுக்கு முன் “தொட்டது யார்” என்று பாலே தெரியாமல் நின்ற கேள்வி, இங்கே பெண்பால் ஆகிவிட்டது. இயேசுவுக்குத் தெரிந்திருந்ததா, கதைசொல்லி தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறாரா? விடை எழுத அவசரப்படாதீர்கள், கேள்வியை இடப் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

மூன்றாம் நாள்தான் உங்கள் சிந்தனையை எழுதும் நாள். ஒரே ஒரு விதி: ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வசன எண் இருக்க வேண்டும். “நாமும் இந்தப் பெண்ணைப்போல விசுவாசத்தோடு வாழ வேண்டும்” என்ற வரியை இந்தப் பகுதியைத் திறக்காமலே எழுதிவிடலாம். அதை அடித்துவிடுங்கள். இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: “25 முதல் 34 வரை யவீருவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மகள் செத்துக்கொண்டிருக்க, பத்து வசனங்கள் அவர் நின்றுகொண்டிருக்கிறார். அந்தப் பத்து வசனங்களில் நான் அவர் பக்கத்தில் நின்றால், குணமான பெண்ணைப் பார்ப்பேனா, வீட்டுக்குப் போகிற பாதையைப் பார்ப்பேனா?” இரண்டாவது, பகுதியிலிருந்து பிறந்தது. ‘நாம்’ என்று எழுதுகிறபோதெல்லாம் நிறுத்தி, ‘நான்’ என்று மாற்றிப் பாருங்கள். மாற்ற முடியவில்லை என்றால் அது பிரசங்க வரி. பிரசங்கத்துக்கு அது தேவைப்படலாம், உங்கள் நோட்டுக்குத் தேவையில்லை.

கேள்வி: ஆலயத்தில் சில சமயம் பெண்ணின் நிகழ்ச்சியை விட்டுவிட்டு யவீருவின் மகள் கதையை மட்டும் வாசிக்கிறார்கள். தியானத்துக்கும் அப்படிப் பிரித்துக்கொள்ளலாமா?

கத்தோலிக்கத் திருவழிபாட்டில் இரண்டாம் ஆண்டின் (ஆ) பொதுக்காலம் 13ஆம் ஞாயிறுக்கு இந்தப் பகுதி வருகிறது. அதற்குக் குறுகிய வாசகமும் உண்டு, அதில் பெண்ணின் நிகழ்ச்சி இராது. நேரம் கருதிச் செய்த ஏற்பாடு அது. தியானத்துக்கு அதைப் பின்பற்றாதீர்கள்.

ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி, நடுவில் இன்னொன்றைச் செருகி, பிறகு முதலாவதை முடிப்பது மாற்குவின் பழக்கம். அத்திமரத்துக்கு நடுவே ஆலயச் சுத்திகரிப்பு (11:12-25), பேதுருவின் மறுதலிப்புக்கு நடுவே விசாரணை (14:53-72) என்று பல இடங்களில் அப்படிச் செய்கிறார். வெளிக்கதையும் உள்கதையும் ஒன்றையொன்று விளக்கும். இங்கே இணைப்புகள் ஏராளம். பெண்ணின் நோய்க்கு 12 ஆண்டு, சிறுமிக்கு 12 வயது. யவீரு பாதத்தில் விழுகிறார் (22), பெண்ணும் முன்பாக விழுகிறாள் (33). அவருக்குப் பெயரும் பதவியும் உண்டு, அவளுக்கு இரண்டும் இல்லை. அவர் எல்லாருக்கும் முன்னால் கேட்கிறார், அவள் பின்னால் வந்து ஒன்றும் கேட்காமல் தொடுகிறாள்.

எல்லாவற்றிலும் ஆழமான இணைப்பு 34-க்கும் 35-க்கும் நடுவே இருக்கிறது. இயேசு அந்தப் பெண்ணை “மகளே” என்கிறார். நான்கு நற்செய்திகளிலும் அவர் ஒரு தனிப் பெண்ணை இப்படி அழைப்பது இந்த நிகழ்ச்சியில் மட்டுமே. “அவர் இப்படிப் பேசிக்கொண்டிருக்கையில்” ஆள் வந்து “உம்முடைய குமாரத்தி மரித்துப்போனாள்” என்கிறான். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல். பழைய திருப்புதலில் ஒன்று ‘மகள்’, மற்றொன்று ‘குமாரத்தி’ என்று ஆகிவிட்டதால் நம் காதுக்கு இது எட்டுவதில்லை. ஒரு மகள் எழுந்து நிற்கிற அதே மூச்சில் இன்னொரு மகள் போய்விடுகிறாள். யவீருவின் காதில் அந்த இரண்டு சொற்களும் எப்படி விழுந்திருக்கும்! குறுகிய வாசகத்தில் இது அடியோடு காணாமல் போகிறது.

வெளி எல்லையையும் கொஞ்சம் விரித்துக்கொள்ளுங்கள். 4:35 முதல் ஒரே ஓட்டத்தில் படித்தால் கடல், பிசாசுகள், நோய், சாவு என்று வரிசை தெரியும். 5ஆம் அதிகாரத்தில் ‘வேண்டிக்கொள்’ என்ற வினை எங்கெல்லாம் வருகிறது என்று பாருங்கள்: 10, 12, 17, 18, 23. பிசாசுகள் வேண்டிக்கொண்டன, பன்றிகளுக்குள் போக உத்தரவு கிடைத்தது. ஊரார் தங்கள் எல்லையைவிட்டுப் போகும்படி வேண்டிக்கொண்டார்கள், அவரும் புறப்பட்டார். பிசாசுகள் நீங்கிக் குணமான மனிதன் கூட வருகிறேன் என்று வேண்டிக்கொண்டான், அவனுக்கு மட்டும் உத்தரவு இல்லை. அதற்குப் பிறகு வருவதுதான் யவீருவின் வேண்டுதல். இந்த வரிசையை ஒரு வாரம் மனத்தில் வைத்திருங்கள். ஜெபத்தைப் பற்றி நமக்கு இருக்கும் எளிய கணக்குகள் எல்லாம் ஆட்டம் காணும்.

கேள்வி: “பெரும்பாடுள்ள ஸ்திரீ” என்றால் பெரிய பாடுகளை அனுபவித்தவள் என்றுதானே பொருள்?

இல்லை. ‘பெரும்பாடு’ என்பது நம் வைத்திய நூல்களில் உள்ள நோய்ப் பெயர். பெண்களுக்கு மாதவிலக்கில் அளவு மீறிப் போகும் இரத்தப்போக்குக்கு அந்தப் பெயர். பழைய மொழிபெயர்ப்பாளர்கள் மிகச் சரியான சொல்லைத் தேர்ந்தார்கள், அது வழக்கிலிருந்து மறைந்ததால் நமக்கு வேறு பொருள் தோன்றுகிறது. பிற்கால மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இரத்தப்போக்கு என்றே வெளிப்படையாகச் சொல்லும். ‘கஷ்டப்பட்ட பெண்’ என்று பொதுவாக எடுத்துக்கொண்டால், அவள் ஏன் முன்னால் வரவில்லை, கேட்டதும் ஏன் நடுங்கினாள் என்பது விளங்காமல் போகும்.

கேள்வி: பழைய திருப்புதலில் “உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது”. வேறு மொழிபெயர்ப்பில் குணமாக்கியது என்ற பொருள் வருகிறது. இரட்சிப்பா, சுகமா?

மொழிபெயர்ப்புகளை ஒப்பிடுவதன் பயனே இப்படிப்பட்ட கேள்வி எழுவதுதான். மூலத்தில் உள்ள வினை ‘சோட்சோ’. ஆபத்திலிருந்து காப்பாற்றுவது, நோயிலிருந்து மீட்பது, இரட்சிப்பது எல்லாம் அதற்குள் அடங்கும். இந்தப் பகுதியில் அது மூன்று முறை வருகிறது. பழைய திருப்புதலில் மூன்றும் மூன்று சொற்கள்: யவீருவின் வாயில் “ஆரோக்கியமடையும்படிக்கு” (23), பெண்ணின் மனத்தில் “சொஸ்தமாவேன்”, இயேசுவின் வாயில் “இரட்சித்தது” (34). மொழிபெயர்த்தவர்கள் தவறு செய்யவில்லை, இடத்துக்கு ஏற்ற சொல்லைப் போட்டார்கள். ஆனால் மூன்று பேரும் ஒரே சொல்லைத்தான் பேசுகிறார்கள் என்பது மறைந்துவிட்டது. அவள் கேட்டது உடல் நலம். அவர் அதே சொல்லைத் திருப்பிக் கொடுக்கிறபோது அது இன்னும் அகலமாகிறது.

‘வேதனை’ என்ற சொல்லும் (29, 34) அப்படித்தான். மூலச் சொல்லுக்கு நேர்ப்பொருள் சாட்டை. அப்போஸ்தலர் 22:24-இல் பவுலைச் சாட்டையால் அடித்து விசாரிக்கச் சொல்லும் இடத்தில் அதே சொல் உண்மையான சாட்டையைக் குறிக்கிறது. 12 ஆண்டு அடி விழுந்துகொண்டே இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: இரண்டு மொழிபெயர்ப்புகளை அருகருகே வைத்து, வேறுபடும் சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். பத்து வட்டம் வந்தால் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு கன்கார்டன்ஸில், அதாவது சொல்லடைவில், தேடுங்கள். “உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது” என்ற தொடர் மாற்கு 10:52, லூக்கா 7:50, 17:19 ஆகிய இடங்களிலும் கிடைக்கும். லூக்கா 7-இல் உள்ள பெண்ணுக்கு நோயே இல்லை. ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஒரு சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருள்கள் அத்தனையையும் ஒரே வசனத்தில் கொட்டாதீர்கள். ஒரு இடத்தில் ஒரு சொல் என்ன பொருள் தரும் என்பதை அந்த வாக்கியம்தான் முடிவு செய்யும்.

கேள்வி: “தலீத்தாகூமி” சரியா, “தலித்தா கூம்” சரியா? அதை ஜெபத்தில் அப்படியே உச்சரிக்கலாமா?

சிறுமியை எழுப்பும்போது இயேசு சொன்ன அரமேயச் சொற்கள் இவை (41). இரண்டுக்கும் கையெழுத்துப் பிரதிகளின் ஆதாரம் உண்டு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் பிரதிகளில் ‘கூம்’. பிற்காலப் பிரதிகள் பலவற்றில் ‘கூமி’. அரமேயத்தில் பெண்ணை நோக்கி ‘எழுந்திரு’ என்பதற்கு இலக்கணப்படி ‘கூமி’தான். பேச்சில் கடைசி இகரம் தேய்ந்து ‘கூம்’ ஆகும் என்பது பொதுவான விளக்கம். பொருள் மாறவில்லை.

உச்சரிப்பதைப் பற்றி: மாற்கு அந்தச் சொல்லைக் கொடுத்த கையோடு பொருளையும் கொடுத்துவிடுகிறார். 7:34-இல் ‘எப்பத்தா’ என்பதற்கும் அப்படியே. பொருளைச் சொல்லிவிட்டால் மந்திரத்துக்குரிய மறைவு போய்விடும். அது வீட்டில் பேசுகிற மொழி. காலையில் பிள்ளையை எழுப்புகிற தாய் சொல்லக்கூடிய சொற்கள்தான், “பாப்பா, எழுந்திரு”. அந்தச் சாதாரணத்தன்மையில்தான் அதன் வலிமை இருக்கிறது.

கேள்வி: மாற்குவில் மகள் ‘மரண அவஸ்தைப்படுகிறாள்’. மத்தேயுவில் தகப்பன் வரும்போதே அவள் இறந்துவிட்டாள் என்கிறான். எது நடந்தது என்று எப்படி முடிவு செய்வது?

முதலில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள்: மாற்கு 5:21-43, மத்தேயு 9:18-26, லூக்கா 8:40-56. மாற்குவில் 23 வசனம், லூக்காவில் 17, மத்தேயுவில் 9. அளவிலேயே பாதி விடை இருக்கிறது. மத்தேயு சுருக்குகிறார். வழியில் ஆள் வந்து சாவுச் செய்தி சொல்லும் காட்சி அவரிடம் இல்லை. அந்தக் காட்சியை எடுத்துவிட்டால், மகள் இறந்த செய்தி தகப்பனின் முதல் வாக்கியத்திலேயே வந்தாக வேண்டும். நூற்றுக்கு அதிபதியின் வேலைக்காரன் நிகழ்ச்சியிலும் மத்தேயு (8:5-13) இப்படித்தான் செய்கிறார். லூக்காவில் (7:1-10) மூப்பர்களும் நண்பர்களும் தூது வருவார்கள், மத்தேயுவில் அதிபதியே நேரில் பேசுவார். அந்தக் காலத்து வரலாறு எழுதும் முறையில் இது பொய்யாகக் கருதப்படவில்லை.

மூன்றையும் கலந்து ஒரே கதையாக்கிவிடுவதுதான் தியானத்தில் பலர் செய்கிற பிழை. அப்படிச் செய்தால் மூவர் சொல்ல வந்ததும் கெட்டுப்போகும். லூக்கா மட்டும் அவளை ‘ஒரே குமாரத்தி’ என்கிறார் (8:42). நாயீன் விதவைக்கும் ஒரே மகன் (7:12), 9:38-இல் கெஞ்சும் தகப்பனுக்கும் ஒரே மகன். அது லூக்காவின் மனம். சிறுமியின் வயதை லூக்கா முதலிலேயே சொல்லிவிடுகிறார். மாற்கு 42ஆம் வசனம் வரை மறைத்து வைக்கிறார். அதனால் மாற்குவைப் படிப்பவருக்குப் ‘பன்னிரண்டு’ என்பது இரண்டாம் முறை வந்து முடிவில் தைக்கிறது. வைத்தியர்களைப் பற்றி மாற்கு கடுமையாக எழுதுகிறார், லூக்காவில் அந்தக் கடுமை தணிந்திருக்கிறது. ஆடையின் ‘ஓரம்’ என்பது மத்தேயுவிலும் லூக்காவிலும் உண்டு. அந்தக் கிரேக்கச் சொல் எண்ணாகமம் 15:38-இல் சொல்லப்படும் தொங்கல்களைக் குறிக்கப் பயன்பட்டது.

மத்தேயுவில் மட்டும் குழல் ஊதுகிறவர்கள் வருகிறார்கள் (9:23). கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ஒரு கருத்து உண்டு: இஸ்ரயேலில் மிக ஏழையானவனும் மனைவியின் சாவுக்கு இரண்டு குழலுக்கும் ஒரு ஒப்பாரிப் பெண்ணுக்கும் குறையாமல் ஏற்பாடு செய்ய வேண்டும். ஜெப ஆலயத் தலைவர் வீடு என்றால் சந்தடி எவ்வளவு இருந்திருக்கும்!

கேள்வி: அந்தப் பெண் பிடிபட்டிருந்தால் கல்லெறிந்து கொன்றிருப்பார்கள் என்று பிரசங்கத்தில் கேட்டேன். அதை வைத்தே என் சிந்தனையை எழுதினேன். சரிதானே?

அந்த வரியை எடுத்துவிடுங்கள். லேவியராகமம் 15:25-27 இப்படிப்பட்ட போக்கு உள்ள பெண்ணைப் பற்றிப் பேசுகிறது. அவள் தீட்டாயிருப்பாள், அவளுடைய படுக்கையும் ஆசனமும் தீட்டு, அவற்றைத் தொடுகிறவன் ஆடையைத் துவைத்து, குளித்து, மாலைவரை தீட்டாயிருப்பான். அவ்வளவுதான். கல்லெறியும் தண்டனை அங்கே இல்லை. பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு (எண்ணாகமம் 19:11). இந்தத் தீட்டு பாவமும் அல்ல. பிரசவத்துக்கும் உண்டு, தகப்பனைப் புதைத்த மகனுக்கும் உண்டு.

மாற்கு ‘தீட்டு’ என்ற சொல்லையே இந்தப் பகுதியில் பயன்படுத்தவில்லை. போக்குள்ள பெண், பிணம் என இரண்டு தொடுதல்களும் அடுத்தடுத்து வருவதால் அந்தச் சட்டங்கள் பின்னணியில் இருக்கலாம் என்பது நியாயமான ஊகம். ஊகம் என்று குறித்துக்கொண்டு பயன்படுத்துங்கள். யூதச் சட்டத்தைக் கொடூரமாகக் காட்டினால்தான் இயேசுவின் இரக்கம் தெரியும் என்பது தவறான எண்ணம். இயேசுவும் அந்தப் பெண்ணும் யவீருவும் எல்லாரும் யூதர்கள்தான்.

அவளுடைய நடுக்கத்துக்கு 33ஆம் வசனமே காரணம் தருகிறது: “தன்னிடத்திலே சம்பவித்ததை அறிந்த” அவள் பயந்தாள். குணமான பிறகு வந்த பயம் அது. இதே அதிகாரத்தின் 15ஆம் வசனத்தில், புத்தி தெளிந்து உட்கார்ந்திருப்பவனைக் கண்டு ஊரார் பயந்ததையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கேள்வி: காட்சியை மனக்கண்ணில் கண்டு தியானிக்கச் சொல்கிறார்கள். எனக்குக் கற்பனை எங்கேயோ போய்விடுகிறது.

இயேசு சபையை நிறுவிய இனிகோ இஞ்ஞாசியார் வகுத்த ஆன்மிகப் பயிற்சிகளில் இது முக்கியமான முறை. கற்பனை ஓடுவது குற்றம் இல்லை, எழுதும்போது பிரித்து வைக்காததுதான் தொல்லை. பக்கத்தின் நடுவே கோடு போட்டு, வசனத்தில் உள்ளதை ஒரு புறமும் நான் கண்டதை மறுபுறமும் எழுதுங்கள். சிறுமியின் தாய் அழுவதைக் கண்டால் அது உங்கள் பக்கம். தாய் அறைக்குள் இருந்தாள் என்பது (40) வசனத்தின் பக்கம்.

கேள்வி: விளக்கவுரையை எப்போது திறப்பது?

உங்கள் நோட்டில் குறைந்தது ஐந்து கேள்விகள் எழுதிய பிறகு. அந்தக் கேள்விகளுக்கு மட்டும் விடை தேடிவிட்டு மூடிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஒருவர் நீண்ட காலமாக நோயில் இருக்கிறார். ஜெபக்குழுவில் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு, “விசுவாசம் குறைவு, அதனால்தான் சுகம் வரவில்லை” என்று சொல்லிவிட்டார்கள். இந்தப் பகுதியைத் திறக்கவே மனம் வரவில்லை.

அப்படிச் சொன்னது தவறு. பகுதியே அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது” என்பது குணமான பெண்ணிடம், குணமான பிறகு, அவளை நிமிர்த்துவதற்குச் சொன்ன வார்த்தை. குணமாகாத ஒருவரை அளக்க இயேசு அதை எங்கும் பயன்படுத்தவில்லை. சிறுமியைப் பாருங்கள், அவளிடம் எந்த விசுவாசமும் கேட்கப்படவில்லை. யவீருவிடம் “பயப்படாதே, விசுவாசமுள்ளவனாயிரு” (36) என்றார். அதற்கு யவீரு என்ன பதில் சொன்னார், உள்ளே விசுவாசம் எவ்வளவு இருந்தது என்று மாற்கு எழுதவில்லை. அவர் கூட நடந்தார், அது மட்டும் தெரிகிறது. பெண் 12 ஆண்டு நோயில் இருந்ததற்கும் மாற்கு ஒரு காரணமும் சொல்லவில்லை, ஒரு பாவத்தையும் அவள்மேல் சுமத்தவில்லை.

அவர்கள் 6:5-6 வசனங்களைக் காட்டலாம், நாசரேத்தில் அவிசுவாசத்தைக் கண்டு இயேசு ஆச்சரியப்பட்டார் என்று. முழுவதும் படியுங்கள். அங்கே அவிசுவாசம் என்பது அவரைத் தெரிந்த ஊர், “இவன் தச்சன் அல்லவா” என்று இடறியது. அழுது ஜெபித்த நோயாளிகளை அது குறிக்கவில்லை. சொல்லப்போனால், அந்த ஊரிலும் சில நோயாளிகளை அவர் குணமாக்கினார். 9:24-இல் ஒரு தகப்பன் “என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கதறுகிறார். அரைகுறை விசுவாசத்தோடு வந்த அவரை இயேசு திருப்பி அனுப்பவில்லை. 14:36-இல் இயேசுவே இந்தப் பாத்திரத்தை நீக்கும் என்று கேட்கிறார், அது நீங்கவில்லை. அவருக்கு விசுவாசம் குறைவு என்று யார் சொல்வார்கள்?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 26ஆம் வசனத்தைக் காட்டி மருத்துவத்தை நிறுத்தச் சொல்கிறவர்களும் உண்டு. அந்த வசனம் ஒரு பெண் வைத்தியர்களிடம் பட்ட பாட்டைச் சொல்கிறது, மருத்துவத்துக்குத் தடை விதிக்கவில்லை. சிகிச்சையை நிறுத்தாதீர்கள்.

மீண்டும் பகுதியைத் திறக்க மனம் வருகிற நாளில், 35ஆம் வசனத்தோடு நின்றுகொள்ளுங்கள். “இனி ஏன் போதகரை வருத்தப்படுத்துகிறீர்” என்ற குரல் அங்கேயும் உண்டு. அதற்கு இயேசு செய்ததைச் சொல்லும் கிரேக்க வினைக்கு இரண்டு பொருள் உண்டு: தற்செயலாகக் காதில் விழுந்தது, கேட்டும் பொருட்படுத்தாமல் விட்டது. மத்தேயு 18:17-இல் அதே வினை ‘செவிகொடாமற்போனால்’ என்ற பொருளில் வருகிறது. உங்கள்மேல் சொல்லப்பட்ட பேச்சை அவர் பொருட்படுத்தாமல் விடக்கூடியவர். அன்றைக்கு இதற்கு மேல் ஒன்றும் எழுத வேண்டாம்.

கேள்வி: எட்டுப் பேர் கொண்ட குழுவை ஒரு மணி நேரம் நடத்துகிறேன். எப்போதும் இரண்டு பேர் பேசியே நேரம் போய்விடுகிறது.

நேரத்தை முன்கூட்டியே பங்கு போட்டு, அதை எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். இரண்டு குரலில் இரண்டு முறை வாசிப்பு, 8 நிமிடம். யாரும் பேசாமல் தனியே எழுதுதல், 10 நிமிடம். முதல் சுற்று: ‘நான் கண்டது’ மட்டும், வசன எண்ணோடு, ஆளுக்கு ஒரு நிமிடம். இதற்கு 10 நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டாம் சுற்று: அது எனக்கு என்ன செய்கிறது, ஆளுக்கு இரண்டு நிமிடம், இடைவெளியோடு 20 நிமிடம். சந்தேகங்களுக்கு 7, மௌன ஜெபத்துக்கு 5.

சுற்றுகளின்போது ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லக் கூடாது, ஆறுதல்கூடக் கூடாது. கடுமையாகத் தோன்றும். ஆனால் பதில் வரும் என்று தெரிந்தால் பயந்த சுபாவம் உள்ளவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பேச விரும்பாதவர் “அடுத்தவர்” என்று சொல்லி நகரலாம். நீங்கள் கடைசியில் பேசுங்கள், அதுவும் அதே இரண்டு நிமிடம்தான். குழு கெடுவது பெரும்பாலும் தலைவர் ஒவ்வொரு பகிர்வுக்குப் பின்னும் சிறு பிரசங்கம் செய்வதால். உடல்நலம், குடும்ப விவகாரம் எது பகிரப்பட்டாலும் அந்த அறையைவிட்டு வெளியே போகக் கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: 43ஆம் வசனத்தில் ஒருவருக்கும் சொல்லக் கூடாது என்று கட்டளையிடுகிறார். சாவு வீடாகக் கூடியிருந்த இடத்தில் இது எப்படி மறையும்? அதே அதிகாரத்தில் இன்னொருவனை வீட்டுக்குப் போய்ச் சொல்லச் சொன்னாரே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். 19ஆம் வசனத்தில் சொல் என்கிறார், அது கடலுக்கு அக்கரை, பன்றி மேய்க்கிற தெக்கப்போலி நாடு. அங்கிருந்து அவர் புறப்பட்டுவிட்டார். இக்கரையில் கூட்டம் ஏற்கெனவே நெருக்குகிறது. 1:45-இல் குஷ்டரோகி சொல்லிப் பரப்பியதால் அவர் வெளியரங்கமாய்ப் பட்டணத்துக்குள் போக முடியாமல் போனதும் இந்தப் பக்கம்தான். இது விடையின் ஒரு பகுதிதான். வெளியே அழுதுகொண்டிருந்தவர்கள் மறுநாள் அந்தச் சிறுமி நடமாடுவதைப் பார்க்காமலா இருப்பார்கள்?

அந்த வசனத்தின் பின்பாதியை விட்டுவிடாதீர்கள்: அவளுக்கு ஆகாரம் கொடுங்கள் என்றார். எல்லாரும் திகைத்து நிற்க, பிள்ளைக்குப் பசிக்கும் என்று நினைத்தவர் அவர். கட்டளைக்கு எதிரே உங்கள் நோட்டில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். 37ஆம் வசனத்தில் உள்ளே போன அதே பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரும் மலையிலிருந்து இறங்கி வரும்போது, 9:9-இல், அதே கட்டளை மறுபடி வரும். அங்கே அதற்கு ஒரு காலக்கெடுவும் சேர்ந்து வரும். அந்த இடத்தை எட்டியதும் இந்தப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.